தோட்டாப் பெட்டிக்கு ஓர் எல்லை

ஓர் எண்ணைக் குறித்து ஒரு நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடுவது வியப்பன்றோ! அமெரிக்காவில் அது நிகழ்கிறது. துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி எத்தனை தோட்டாக்களைக் கொள்ளலாம் என்பதே வழக்கு.

அப்பெட்டியினுள் ஒரு சுருள்வில் உண்டு. ஒரு தோட்டா வெடித்ததும் வில் அடுத்ததை மேலே தள்ளும். பெட்டி காலியானால் சுடுவோன் அதைக் கழற்றி வேறொன்றைச் செருகியாக வேண்டும். அந்தச் சில விநாடிகளே சச்சரவின் வேர். 2011 சனவரியில் டூசன் நகரில் 33 தோட்டாக்கள் கொண்ட பெட்டியுடன் ஒருவன் சுட்டான்; அறுவர் மாண்டனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவன் பெட்டியை மாற்ற முயன்றபொழுதுதான் அருகிலிருந்தோர் பாய்ந்து பிடித்தனர்.

நடுவண் அரசு 1994இல் பத்துத் தோட்டா எல்லையை விதித்தது. பழைய பெட்டிகளுக்கு விலக்கு இருந்தது. பத்தாண்டுத் தவணை முடிந்ததும், 2004இல் சட்டம் காலாவதியாயிற்று. பொறுப்பு மாநிலங்களின் தோளில் விழுந்தது.

அவற்றுள் கொலராடோவின் கதை தனிச்சுவை உடையது. வேட்டையும் துப்பாக்கியும் குடும்ப மரபாக வழங்கும் மலைநாடு அது. 2012 சூலையில் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் சுடப்பட்டு இறந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் ஆளுநர் ஹிக்கன்லூப்பர் பதினைந்து தோட்டா எல்லைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். முன்பே வைத்திருந்தோர் அவற்றை வைத்துக்கொள்ளலாம், புதியன விற்கலாகாது.

எதிர்ப்பு எளியதன்று. நள்ளிரவில் திருடரை எதிர்ப்படும் குடியானவனுக்கும் அதே விநாடிகள் உயிரன்றோ என்றனர். இவ்வினாவை எள்ளி நகையாடுதல் முறையாகாது என்பது என் கருத்து. மாவட்டக் காவல் தலைவர்களான ஷெரீப்களுள் பெரும்பாலோர் வழக்குத் தொடுத்தனர். பெட்டி செய்யும் மாக்புல் நிறுவனம் மாநிலத்தைவிட்டே வெளியேறியது.

வாக்காளர் கையில் வேறொரு படைக்கலம் இருந்தது: உறுப்பினரைத் தவணைக்கு முன்னரே திருப்பியழைக்கும் உரிமை. 2013 செப்டம்பர் 10 அன்று மேலவைத் தலைவர் ஜான் மோர்சும் உறுப்பினர் ஏஞ்சலா ஹிரோனும் பதவி இழந்தனர். அம்மாநிலச் சட்டமன்ற வரலாற்றில் அதற்குமுன் எவரும் அவ்வாறு நீக்கப்பட்டதில்லை. மோர்சு முன்னாளில் ஒரு நகரின் காவல்துறைத் தலைவர் என்பதையும் நினைவிற் கொள்க. அவர் தோற்றது சில நூறு வாக்குகளில்!

2014 தேர்தலில் அவ்விரு இடங்களும் அவர்கள் கட்சிக்கே திரும்பின. 2020 சூனில் மாநில உச்சநீதிமன்றம், அச்சட்டம் மாநில அரசமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது.