கார் பழுதுபார்ப்புக் கட்டணம் நியாயமானதா? ரசீதைச் சரிபார்க்கும் முறை

கார் பழுதுபார்ப்பு ரசீதின் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்து, கட்டணம் நியாயமானதா என்று முடிவு செய்ய இயலாது. தொகை பெரிதாக இருந்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு சரியாக இருக்கலாம். தொகை சிறிதாக இருந்தும் தேவையற்ற பணியும் தவறான வரியும் அதில் கலந்திருக்கலாம். ஒப்புதல், உதிரிபாகம், கூலி, வரி ஆகிய நான்கையும் தனித்தனியே சரிபார்த்தால், எந்த இனத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

மதிப்பீடும் ஒப்புதலும்

சரிபார்ப்பு, காரைப் பணிமனையில் விடும்போதே தொடங்குகிறது. வாடிக்கையாளர் கூறிய குறை, வண்டி ஓடியுள்ள கிலோமீட்டர், செய்ய வேண்டிய பணிகள், உத்தேசச் செலவு ஆகியவை ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். "சத்தம் வருகிறது, பார்க்கவும்" என்பதைவிட, "பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் சத்தம்" என்று குறிப்பிடுவது பயனுள்ளது. குறை எவ்வளவு தெளிவாகப் பதிவாகிறதோ, அந்த அளவுக்குத் தொடர்பில்லாத பணிகள் பின்னர் சேர்க்கப்படுவது குறையும்.

பிரித்துப் பார்த்த பிறகே தெரியவரும் பழுதுகள் உண்டு என்பதால், இறுதிக் கட்டணம் மதிப்பீட்டைவிடக் கூடுவது மட்டுமே முறைகேடு ஆகாது. கூடுதல் பணியைத் தொடங்குமுன் ஒப்புதல் கேட்கப்பட்டதா என்பதே கேள்வி. பழுதான பாகத்தின் படத்தையும் விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் பெறும் வழக்கம் இப்போது பரவலாக உள்ளது. அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

உதிரிபாகம்: தேவை, விலை, அளவு

ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் பெயர், எண், எண்ணிக்கை, விலை ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். "இதர பாகங்கள்" என்று மொத்தமாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் விவரம் கேட்கலாம். மாற்றப்பட்ட பழைய பாகத்தையும் புதிய பாகத்தின் காலி உறையையும் கேட்டுப் பெறுவது எளிய சோதனை. உறையில் உள்ள பாக எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பேட்டரிக்குக் கழிவு மதிப்பு உண்டு. பணிமனை அதை எடுத்துக்கொண்டால் அந்த மதிப்பு ரசீதில் கழிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் போன்றவற்றில் அளவைக் கவனிக்க வேண்டும். சிறிய பெட்ரோல் கார்களின் எஞ்சினுக்குப் பொதுவாக 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் போதும். துல்லியமான அளவு காருடன் வரும் கையேட்டில் இருக்கும். எந்தப் பணியை எத்தனை கிலோமீட்டரில் செய்ய வேண்டும் என்ற அட்டவணையும் அதிலேயே உள்ளது. எஞ்சின் ஃபிளஷிங், ஏசி சுத்திகரிப்பு, பூச்சு வேலை போன்றவை அட்டவணையில் இல்லாமல் ரசீதில் இருந்தால், என்ன குறைக்காக அவை செய்யப்பட்டன என்று கேட்கலாம்.

ஸ்கேனர் கருவி காட்டும் பழுதுக் குறியீட்டைப் பலர் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கின்றனர். அந்தக் குறியீடு பழுது எந்த அமைப்பில் அல்லது மின்சுற்றில் உள்ளது என்பதையே காட்டும். சென்சார் பழுதானது போலத் தோன்றும் குறைக்கு, அறுந்த ஒயரோ தளர்ந்த இணைப்போ காரணமாக இருக்கக்கூடும். விலை உயர்ந்த மின்னணு பாகம் மாற்றப்பட்டிருந்தால், அதற்கு முன் என்ன சோதனை செய்யப்பட்டது என்று கேட்பது முறையானது.

கூலி: ஒரே வேலைக்கு இருமுறை கட்டணமா?

ஒவ்வொரு பணிக்கும் இத்தனை மணி நேரம் என்று கார் தயாரிப்பு நிறுவனங்கள் வரையறுத்துள்ளன. நிறுவனப் பணிமனைகள் அதன் அடிப்படையில் கூலியைக் கணக்கிடுகின்றன. அந்தப் பட்டியலைக் காட்டுமாறு கேட்கலாம். வெளிப் பணிமனைகளில் கூலி பெரும்பாலும் பேச்சில் முடிவாகிறது. ஆகவே, பணிக்கு முன்பே வேறு இரண்டு இடங்களில் விசாரிப்பது நல்லது.

ஒன்றுடன் ஒன்று இணைந்த பணிகளுக்கான கூலியில்தான் அதிகக் கவனம் தேவை. கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதே நேரத்தில் கிளட்ச் பேரிங்கையும் மாற்றினால், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி மீண்டும் சேர்க்கப்படக் கூடாது. பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டால், சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வேலையும் ஒருமுறைதான்.

அதேவேளையில், பழுதைக் கண்டறிவதும் ஒரு வேலையே. இரண்டு மணி நேரம் சோதித்து, தளர்ந்த ஒயரைச் சரிசெய்த மெக்கானிக் கூலி கேட்பதில் தவறில்லை. அந்தக் கூலியை மறுத்தால், தேவையில்லாத பாகத்தை மாற்றிக் கணக்கு காட்டுவதே அவருக்கு லாபமான வழியாகிவிடும்.

வரி: எம்ஆர்பி மீது ஜிஎஸ்டி கூடாது

வாகனப் பழுதுபார்ப்புச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. முன்பு பல உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே, தற்போதைய ரசீதில் உதிரிபாகத்துக்கு 28 சதவீத வரி இருந்தால் அது தவறு.

உறையில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்ஆர்பி, எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதன்மீது மீண்டும் ஜிஎஸ்டி சேர்க்க முடியாது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். பிரேக் பேடின் எம்ஆர்பி 2,400 ரூபாய், கூலி 800 ரூபாய் என்று கொள்வோம். கூலிக்கு 18 சதவீத வரி 144 ரூபாய். செலுத்த வேண்டிய மொத்தம் 3,344 ரூபாய். மாறாக, 2,400 ரூபாயையும் 800 ரூபாயையும் கூட்டி, அதன்மீது 18 சதவீதம் விதித்தால் 3,776 ரூபாய் ஆகிவிடும். கூடுதலாக வசூலிக்கப்படும் 432 ரூபாய், ஏற்கெனவே வரி அடங்கிய விலைக்கு விதிக்கப்பட்ட இரண்டாவது வரி. சரியான ரசீதில் அந்தப் பாகத்தின் விலை 2,033.90 ரூபாய் என்றும், வரி 366.10 ரூபாய் என்றும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத பணிமனை அந்த வரியை வசூலிக்க முடியாது. இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு பணிமனைகளும் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியே வசூலிக்கக் கூடாது. ரசீதில் உள்ள 15 இலக்கப் பதிவு எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டு, அது எந்த நிறுவனத்துக்கு உரியது என்று பார்க்கலாம்.

வரியைத் தவிர்க்க "பில் வேண்டாம்" என்று ஒப்புக்கொள்வது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால், மாற்றிய பாகம் ஒரு மாதத்தில் பழுதானால், அதை அங்கே வாங்கியதற்கே சான்று இருக்காது. ரசீது தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகும்.

வெளிப் பணிமனையும் உத்தரவாதமும்

வெளியே பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்ற அச்சத்தால், அதிகக் கட்டணத்தைப் பலர் ஏற்கின்றனர். இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் தயாரிப்பு நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தது. உதிரிபாகங்கள் வெளிப் பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளியே பழுதுபார்த்த காரணத்துக்காக மட்டும் உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அது கூறியது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. உத்தரவாதக் காலத்தில் உள்ள காருக்கு, உத்தரவாத அட்டையின் நிபந்தனைகளை முதலில் படித்துவிடுவது நல்லது.

தகராறு எழுந்தால்

பணம் செலுத்தாமல் காரை எடுத்துச் செல்ல முயல்வது நல்ல வழியல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-ஆவது பிரிவின்படி, தன் உழைப்பையும் திறனையும் செலுத்திப் பழுதுபார்த்தவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம். கார் அவசரமாகத் தேவையெனில், சர்ச்சைக்குரிய இனங்களைக் குறிப்பிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது" என எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிட்டுப் பணம் செலுத்தலாம். பின்னர் பணிமனைக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும்.

பதில் கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அணுகலாம். அதிலும் தீர்வு இல்லையெனில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பணிமனை வேறு ஊரில் இருந்தாலும், மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கைத் தொடரலாம். ஜாப் கார்டு, மதிப்பீடு, ஒப்புதல் பதிவுகள், ரசீது, பழைய பாகம் ஆகியவையே அங்கு சான்றுகளாகும்.