சந்தேகத்தின் விலை

பழைய சாமான்களின் ஏலப் பட்டியல் படிப்பதில் எனக்கு ஒரு கதைச் சுவை உண்டு. கேளுங்கள்: 1969-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி ‘ஸி.பி. 750’ மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இத்தனை பெரிய வண்டியை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்கே சந்தேகம்! ஆகவே விலையுயர்ந்த அச்சுகளில் பணத்தை முடக்காமல், எஞ்சின் கூட்டை எளிய அச்சில் வார்த்தார்கள். சொரசொரப்பைப் பார்த்து ‘மணல் வார்ப்பு’ என்று ஜனங்கள் பெயரிட்டார்கள்; உண்மையில் மணலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டிக்குக் கிராக்கி கூடியது. சுமார் 7,400 வண்டிகளுக்குப் பின் வார்ப்பு வழவழப்பாயிற்று. இன்று ரசிகர்கள் தேடி அலைவதோ அந்தச் சொரசொரப்பைத்தான்! 2018-இல் இங்கிலாந்தில், முன்னோடி வண்டி ஒன்று 1,61,000 பவுனுக்கு ஏலம் போயிற்று.

என் முதல் நாவலையும் பதிப்பாளர் சந்தேகத்தோடு ஐந்நூறு பிரதிகளே அச்சிட்டார். பாதி என் பரணில் இருக்கிறது. ரசிகர்கள் யாரும் இன்னும் வரவில்லை.