கிளாட்சாப் மணலில் பீட்டர் ஐரிடேல்

பீட்டர் ஐரிடேல் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணையை. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவின் கடற்கரையில் கரைதட்டிய அந்தக் கப்பல் கிடக்கிறது. அங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு வற்றமும் ஒரே அளவுக்கு இறங்குவதில்லை. அதிகம் இறங்கும் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் ஈரமணலில் கப்பலைச் சுற்றி நடந்து வரலாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். முதலில் வரும் உலர்மணலில் மட்டும் கால் புதையும். அதைத் தாண்டினால் தரை கெட்டி. மூட்டுவலியோடு இருக்கும் என் அம்மாவைத் துணிந்து அழைத்துப் போனதும் அதனால்தான்.

துருவேறிய அணியமும், மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் விலாச்சட்டங்களும்தான் இன்று மிச்சம். தூரத்தில் நின்றபடியே அம்மா கேட்டார்: "ஆள் யாரும் சாகலையே?"

"இல்லம்மா, ஒருத்தர்கூட இல்ல."

அதைக் கேட்ட பிறகே அந்த இரும்பின் அருகில் வந்தார்.

இங்கிலாந்தின் மேரிபோர்ட்டில் 1890-இல் கட்டப்பட்ட நான்கு பாய்மர எஃகுக் கப்பல் இது. நீளம் 285 அடி. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலத்திலும் இத்தகைய பாய்மரக் கப்பல்களுக்குப் பிழைப்பு இருந்தது. கோதுமைக்கு அவசரமில்லை, காற்றுக்குக் கூலியில்லை. கொலம்பியா ஆற்றின் உள்நாட்டில் விளைந்த கோதுமை போர்ட்லாந்தில் கப்பலேறி, ஹார்ன் முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அந்தச் சரக்கை ஏற்றத்தான் 1906 செப்டம்பர் கடைசியில் மெக்சிகோவின் சலீனா குரூஸிலிருந்து பீட்டர் ஐரிடேல் புறப்பட்டது. அதில் அப்போது இருந்தது 1,000 டன் அடிபாரம் மட்டுமே.

அக்டோபர் 25 விடிவதற்கு முன் டில்லமூக் பாறைக் கலங்கரை விளக்கின் ஒளி தெரிந்துவிட்டது. ஆனால் கொலம்பியாவின் முகத்துவாரத்துக்குள் வழிகாட்டி மாலுமி இல்லாமல் நுழைய முடியாது. ஆற்றின் வேகமும் பசிபிக்கின் அலையும் மோதி, மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் வாய் அது. அங்கும் சுற்றியுள்ள கடலிலுமாகச் சுமார் 2,000 கலங்கள் அழிந்தன என்பது பலரும் சொல்லும் கணக்கு. வழிகாட்டிக்காகக் காத்திருந்தபோது காற்று திடீரென்று திசை மாறியது. நீரோட்டமும் கரைப்பக்கம் இழுத்தது. கப்பல் கிளாட்சாப் மணலில் மோதிய அதிர்ச்சியில் மூன்று பாய்மரங்கள் முறிந்தன. பாயின்ட் ஆடம்ஸ் உயிர்காப்பு நிலையத்தார் கொந்தளிப்புக்குள் படகு செலுத்தி அனைவரையும் கரை சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கப்பலின் கதையில் முதலில் சொல்லப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். அஸ்டோரியாவில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை கேப்டன் லாரன்ஸையும் அதிகாரிகளையும் குற்றம் சொல்லவில்லை.

பாறையில் மோதியிருந்தால் பலர் மாண்டிருப்பார்கள். மணல் என்பதால் அடிப்பகுதிகூடப் பெரிதாகச் சேதப்படவில்லை, மீண்டும் கடலுக்கு இழுத்துவிடலாம் என்றே நினைத்தார்கள். நல்ல வானிலைக்கு வாரக்கணக்கில் காத்திருந்ததில் கப்பல் ஒருபக்கம் சாய்ந்து புதைந்தது. பிறகு பழைய இரும்பாக விற்றார்கள். இதற்கிடையே ஆற்றின் வாயை நிலைப்படுத்த 1885-இல் தொடங்கிய தெற்குக் கற்சுவரை மேலும் கடலுக்குள் நீட்டும் வேலை 1903 முதல் 1913 வரை நடந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரையே கடலை நோக்கி நகர்ந்தது. நாம் இத்தனை சுலபமாக நடந்து போவதில் அந்தக் கல்வேலைக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-25, அன்று ராணுவக் கோட்டையாக இருந்த ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மீது 17 குண்டுகள் வீசியது. கோட்டை பதிலுக்குச் சுடவில்லை. சுட்டிருந்தால் பீரங்கிகளின் இடம் தெரிந்திருக்கும். அதன்பின் கரையெங்கும் முள்கம்பி இழுத்தார்கள். அது கப்பலையும் வளைத்துக்கொண்டது. போர் முடியும்வரை அங்கே நடைக்கு வழியில்லை.

நடையைப் பற்றிச் சொல்லும்போது ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற ஆளுநரை நான் விட்டுவிட மாட்டேன். 1913-இல் ஆரகனின் ஈரமணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று சட்டமாக்க வைத்தவர் அவர். கடலோரச் சாலைகள் அருகியிருந்த அந்நாளில் மக்கள் உண்மையிலேயே மணலில்தான் வண்டியோட்டினார்கள். சட்டம் ஏற்றக்கோட்டோடு நின்றது. 1966-இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் உலர்மணலைத் தம் விருந்தினருக்கென்று அடைத்துக்கொண்டார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே, செடிகொடிகள் தொடங்கும் எல்லைவரை மணல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற சட்டத்தில் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். கால் வலிக்காதவர்கள் கப்பலிலிருந்து தெற்கே கியர்ஹார்ட் பக்கம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். வழியில் எவரும் வேலி போட்டு மறிக்க முடியாது.