மரக்கறிப் பெட்டியும் மாலைச் சமையலும்: யப்பானிய நகர இல்லங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் விளைச்சலையும் விலையையும் வாணிபத்தையும் கணக்கிடுவர். விளைந்த பொருள் வீட்டை அடைந்த பின்னர் அதனை உணவாக்குவதற்குச் செலவாகும் உழைப்பு அக்கணக்குகளில் இடம்பெறுவது அரிது. ஆனால், அவ்வுழைப்பின் அளவே ஓர் இயக்கத்தின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் பெரிதும் பாதித்த வரலாறு யப்பானில் உண்டு. பண்ணையின் விளைபொருளை இடைத்தரகரின்றி நகர இல்லங்களுக்கு அனுப்பிய ‘தேய்கெய்’ இயக்கமே அது. கைகோத்துச் செயற்படுதல் என்பது அச்சொல்லின் பொருளாகும். பீடைநாசினி, சந்தை, விவசாயியின் வருமானம் ஆகிய கோணங்களில் இவ்வியக்கம் பலவாறு ஆராயப்பட்டுள்ளது. அதனை அடுக்களையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யப்பானில் கைத்தொழில் வளர்ச்சியோடு உணவு பற்றிய அச்சமும் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டிற் பாற்பொடியில் ஆசனிக்கு கலந்தமையால் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிப்புற்றனர். 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1956இல் மினமாத்தா நோய் வெளிச்சத்துக்கு வந்தது. தொழிற்சாலைக் கழிவுநீரிற் கலந்திருந்த மெதைல் இரசமே அந்நோய்க்குக் காரணம் என்பதை அரசு ஏற்றுக்கொள்வதற்கு 1968ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1968இல் தவிட்டெண்ணெயில் நச்சு இரசாயனம் கலந்து மேற்கு யப்பானிற் பலர் நோயுற்றனர். இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் நஞ்சு உணவின் வழியாகவே உடலை அடைந்தது. உணவைத் தெரிந்து சமைத்துக் குடும்பத்துக்கு இடும் பொறுப்பு அக்காலத்திற் பெண்களிடமே இருந்தது. எனவே, அச்சத்தின் சுமையும் அவர்கள் மீதே முதலில் விழுந்தது.

இதே காலத்தில் மரக்கறிச் சந்தையின் அமைப்பும் மாறிக்கொண்டிருந்தது. பெருகிவந்த நகரங்களுக்கு நிலையான விலையில் மரக்கறி வழங்கும் நோக்குடன் 1966இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குறித்த பிரதேசம் குறித்த பயிரைப் பெருமளவில் விளைவித்து நகரங்களுக்கு அனுப்பும் முறையை அது ஊக்குவித்தது. ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் தொடர்ந்து செய்கையிற் பீடைகள் பெருகின. பீடைநாசினியின் தேவையும் பெருகியது. வளைந்த வெள்ளரியும் புழு அரித்த கீரையும் சந்தைத் தரத்துக்கு ஒவ்வாதவையாயின. நகரப் பெண்ணுக்குக் கடையிற் கிடைத்தவை ஒரே அளவின, கழுவப்பட்டவை, பருவம் கடந்தும் கிடைப்பவை. அவற்றின் பின்னணியை மட்டும் அவள் அறியாதிருந்தாள்.

1971இல், கூட்டுறவு இயக்கத்தில் நீண்டகால அனுபவம் பெற்ற இச்சிராக்கு தெருவோ என்பார் யப்பானிய சேதன விவசாயச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1974ஆம் ஆண்டில் அரியோஷி சவாகோ எனும் எழுத்தாளர் ‘கூட்டு மாசு’ எனப் பொருள்படும் தொடரை அசாஹி நாளிதழில் எழுதத் தொடங்கினார். அத்தொடர் இப்பிரச்சினையை நாடெங்கும் இல்லந்தோறும் கொண்டு சென்றது. அதே 1974இல் ரோக்கியோ நகரப் பெண்கள், தீங்கற்ற உணவை விளைவித்து உண்பதற்கென ஒரு சங்கம் அமைத்து, சிபா மாகாணத்து மியோஷிக் கிராம விவசாயிகளுடன் உடன்பாடு செய்துகொண்டனர். விவசாயிகள் இரசாயனப் பசளையும் பீடைநாசினியுமின்றிப் பயிரிடுதல், விளைந்தவற்றை நகர மாந்தர் வாங்கிக்கொள்ளுதல் என்பதே அதன் சாரமாகும். 1978இல் சேதன விவசாயச் சங்கம் தேய்கெய் முறைக்குப் பத்துக் கோட்பாடுகளை வகுத்தது. விளைச்சல் முழுவதையும் ஏற்றுக்கொள்ளல் என்பது அவற்றுள் ஒன்று.

அடுக்களையின் வரலாற்றைப் பொறுத்தவரை இக்கோட்பாடே முதன்மையானது. கடையில் மரக்கறி வாங்குபவள் இரவுணவை முதலில் முடிவு செய்து, பின்னர் அதற்கு வேண்டியதை வாங்குகின்றாள். பெட்டியிற் பெறுபவளுக்கோ வந்திறங்கியதே இரவுணவைத் தீர்மானிக்கின்றது. கோடையிற் கத்தரிக்காயும் வெள்ளரியும் வாரந்தோறும் குவியும். மாரியில் முள்ளங்கியும் சீனக் கோவாவும் வந்துகொண்டேயிருக்கும். ஏப்பிரல், மே மாதங்களில் மாரிப்பயிர் முடிந்தும் கோடைப்பயிர் காய்க்காமலும் இருக்கும் இடைவெளியிற் பெட்டி மெலிந்துவிடும். கீரைகளின் பூத்தண்டுகளே அப்போது கறியாகும்.

இந்நிலையில், முன்னைய தலைமுறையின் கிராமத்துச் சமையலறிவு நகரத்தில் மீண்டும் தேவைப்பட்டது. முள்ளங்கி ஒன்றே இதற்குச் சான்றாகும். அதன் தடித்த பகுதியைத் துண்டங்களாக்கிக் கடற்பாசிச் சாற்றில் மெல்ல அவிப்பர். கீழ்ப்பகுதியைத் துருவிச் சுட்ட மீனுடன் உண்பர். சீவிய தோலை மெல்லிய கீற்றுகளாக்கிச் சோயாச் சாறும் சிறிது சீனியும் சேர்த்து வதக்குவர். கடையில் வெட்டி எறியப்படும் இலையும் பெட்டியில் வந்தது. அதனைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றின்மேல் இட்டனர். எஞ்சியதை அரிசித் தவிட்டில் ஊறவைத்தனர். அல்லது கீற்றாக்கி வெயிலில் உலர்த்தினர். இவ்வாறு ஒரு கிழங்கு பல மாலைகளுக்கு உணவாயிற்று.

இவை சிக்கனத்தின் சிறப்பாகப் பாராட்டப்பட்டன. அப்பாராட்டு நியாயமானதே. எனினும், இவற்றுக்குச் செலவான நேரத்தையும் எண்ணுதல் வேண்டும். மண் ஒட்டிய கிழங்கைத் தேய்த்துக் கழுவுதல், கீரையிற் புழு பார்த்தல், தவிட்டூறுகாயை நாள்தோறும் கிளறுதல் ஆகியவற்றோடு வேலை முடிவதில்லை. பல குழுக்களில் மரக்கறி ஓரிடத்தில் இறக்கப்பட, அயல் இல்லங்களின் பெண்கள் கூடி நிறுத்துப் பங்கிட்டனர். கணக்கெழுதினர், கூட்டங்களுக்குச் சென்றனர், விடுமுறை நாட்களிற் பண்ணைக்குச் சென்று களை பிடுங்கினர். இவ்வுழைப்புக்கு ஊதியம் இல்லை. இடைத்தரகர் செய்த பணியின் ஒரு பகுதி மறைந்துவிடவில்லை. அது இல்லத்தரசியின் கைக்கு மாறியது.

பண்ணையும் இல்லமும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்வது எளிதாகவும் இருக்கவில்லை. சைத்தாமா மாகாணத்து ஒகாவாவில் கனேக்கோ யோஷினோரி எனும் இளம் விவசாயி 1975இல் 10 குடும்பங்களுடன் இத்தகைய உறவைத் தொடங்கினார். நிலையான மாதக் கட்டணத்துக்குப் பண்ணையின் விளைச்சலைப் பகிர்ந்துகொள்வதென ஏற்பாடு. கட்டணத்தையும் கிடைத்த பொருளையும் ஒப்பிட்டு மனக்கசப்புகள் எழுந்தன; 1977இல் அம்முயற்சி முறிந்தது. பின்னர் அவர் விலை எதுவும் குறிக்காது மரக்கறியை அனுப்பினார். பெற்றவர்கள் தாம் தகுமென எண்ணியதை நன்றிக் காணிக்கையாக அளித்தனர். அவ்வுறவு நிலைத்தது. 2022இல் அவர் மறைந்தபோது, நாட்டின் சேதன விவசாய முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

1980களின் பின்னர் தேய்கெய் குழுக்கள் பல தளர்ந்தன. உறுப்பினர் முதுமையடைந்தனர், இளம் தலைமுறையினர் போதியளவு சேரவில்லை. இதற்குரிய காரணங்களுள் முக்கியமானது பெண்களின் தொழில் நிலையில் ஏற்பட்ட மாற்றமாகும். கணவன் மட்டும் உழைக்கும் குடும்பங்களைவிட இருவரும் உழைக்கும் குடும்பங்களே 1990களின் பிற்பகுதியிலிருந்து அதிகமாயின. பகலிற் பங்கிடும் இடத்துக்குச் செல்ல அவர்களுக்கு நேரமில்லை. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியவருக்கு மூன்று முள்ளங்கிகள் ஒரு வளமாக அன்றி ஒரு கடனாகவே தோன்றியிருக்கும். இதனை இளம் தலைமுறையின் அக்கறையின்மை எனக் கூறுவது பொருந்தாது. உணவு பற்றிய அக்கறை குறையவில்லை; அதற்குச் செலவிடக்கூடிய மாலைப்பொழுதே குறைந்தது.

இவ்விடைவெளியை வணிக நிறுவனங்கள் விரைவில் உணர்ந்தன. 1976இல் யமாத்தோ நிறுவனம் வீட்டுவாசலுக்குப் பொதி சேர்க்கும் சேவையைத் தொடங்கியிருந்தது. 1980களின் பிற்பகுதியிற் குளிரூட்டிய சேவையும் வந்தது. அயலாருடன் கூடிப் பங்கிடாமலே ஒவ்வோர் இல்லமும் தனித்தனியாகப் பெட்டி பெறுவது இயல்பாயிற்று. 2000ஆம் ஆண்டில் தோன்றிய ஒய்சிக்சு எனும் நிறுவனம், 2013இல், ஒரு வேளை உணவுக்கு வேண்டிய மரக்கறியை அளவிட்டுச் செய்முறைக் குறிப்புடன் அனுப்பும் பொதியை அறிமுகப்படுத்தியது. 20 நிமிடங்களில் இரு கறிகள் என்பது அதன் வாக்குறுதி. 1975இல் மக்கள் இயக்கமாகத் தொடங்கிய ‘மண்ணைக் காக்கும் சங்கம்’ வழிவந்த நிறுவனமும் 2017இல் ஒய்சிக்சுடன் இணைந்தது. தொடக்ககாலப் பெட்டி இல்லத்தரசியின் நேரத்தைக் கேட்டது. புதிய பொதியோ நேரத்தை விலைக்கு விற்றது.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று மட்டும் கொள்ளல் தகாது. களைத்த மாலையிலும் புதிய மரக்கறி உண்ண இப்பொதி பலருக்கு உதவியுள்ளது. எனினும், இழப்பும் உண்டு. அளவிட்டு வந்த கால் முள்ளங்கி, அதன் இலையையும் தோலையும் பற்றி எதுவும் கற்பிப்பதில்லை. மழையால் அழிந்த பயிரின் செய்தியும் அப்பொதியில் வருவதில்லை. விவசாயியின் நட்டத்தில் பங்குகொள்ளும் பொறுப்பு உண்பவரிடமிருந்து நீங்கிவிடுகின்றது.

தேய்கெய் இயக்கத்தினர் விவசாயியின் உழைப்புக்கு நியாயமான மதிப்பு வேண்டும் என்பதை உறுதியாக வற்புறுத்தினர். சமைப்பவரின் உழைப்புக்கும் அதே மதிப்பு வேண்டும் என்பதை அவர்கள் அவ்வளவு உறுதியாக வற்புறுத்தவில்லை. மரக்கறி நறுக்குவதும் பங்கிடுவதும் கணவருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரிய கடமைகளாகியிருப்பின், பல குழுக்கள் இன்னும் நீண்டகாலம் நிலைத்திருக்கக்கூடும். தீங்கற்ற உணவைப் பற்றிச் சிந்திக்கும் எந்தச் சமூகமும் வயலில் எவ்வாறு விளைகின்றது என்பதோடு, வீட்டில் எவர் எந்நேரத்திற் சமைக்கின்றார் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.