தற்சுழற்சி மின்னணுவியல்

எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் தற்சுழற்சியையும் வேலை வாங்கும் துறை தற்சுழற்சி மின்னணுவியல். ஆய்வகங்களில் ஸ்பின்ட்ரானிக்ஸ் என்பார்கள். வன்தட்டில் எழுதியதைப் படிக்கும் முனையும், மின்சாரம் நின்றாலும் மறக்காத எம்ராம் நினைவகமும் இதன் விளைச்சல்.

தற்சுழற்சி என்றதும் பம்பரம் நினைவுக்கு வரும். எலக்ட்ரான் அப்படிச் சுழல்வதில்லை. கோண உந்தமும் நுண்காந்தத் தன்மையும் அதன் பிறவிக் குணங்கள். எத்திசையில் அளந்தாலும் மேல், கீழ் என இரண்டே விடைகள்தான் வரும். 1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிரிவதைக் கண்டார்கள். நிறமாலைப் புதிர்களை விடுவிக்க 1925இல் ஊலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் தற்சுழற்சியை முன்மொழிந்தார்கள். வெள்ளிக் கற்றை பிரிந்ததற்கும் அதுவே காரணம் என்பது பின்னர் தெளிந்தது.

இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றில் இருவகை எலக்ட்ரான்களின் எண்ணிக்கை சமமில்லை. ஆகவே அவற்றிலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒருவகை மிகுந்திருக்கும். ஆனால் உலோகத்துக்குள் நானோமீட்டர் கணக்கில் அளக்கும் தொலைவைக் கடப்பதற்குள் அந்தத் தற்சுழற்சித் திசை குலைந்துவிடும். அவ்வளவு மெல்லிய படலங்களைப் படியவைக்கும் கலை வளரும்வரை இத்துறை காத்திருந்ததற்கு இதுவே காரணம். 1988இல் ஆல்பர் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவரும் தனித்தனியே இரும்பு–குரோமியம் அடுக்குகளில் காந்தத் திசையைப் பொறுத்து மின்தடை பெரிதும் மாறும் மாபெரும் காந்தமின்தடையைக் கண்டு, 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்றைய கருவிகளின் உயிர்நாடி காந்த ஊடுருவல் சந்தி. இரு காந்தப் படலங்களுக்கு நடுவே சுமார் 1 நானோமீட்டர் தடிப்பில் மின்கடத்தா ஆக்சைடு. பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழையின் தடிப்பில் இது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குவாண்டம் விதியின்படி எலக்ட்ரான்கள் இந்தச் சுவரை ஊடுருவும். இரு படலங்களும் ஒரே திசையில் காந்தமானால் மறுபக்கத்தில் அதே தற்சுழற்சிக்கு இடம் தாராளம், மின்தடை குறையும். எதிரெதிரானால் தடை கூடும். குறைவும் கூடுதலும் சுழியமும் ஒன்றுமாகப் பயன்படுகின்றன.

பிரெஞ்சு இயற்பியலர் ஜூலியே 1975இல் இந்த மாற்றத்தை 4.2 கெல்வின் குளிரில் 14 விழுக்காடாக அளந்தார். அறை வெப்பநிலையில் அதை நம்பகமாகக் காட்ட மேலும் 20 ஆண்டுகள் ஆயின. ஆக்சைடில் ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் மின்னோட்டம் அதன் வழியே ஒழுகிவிடும், படலம் மேடுபள்ளமானாலும் சந்தி கெடும் என்பதே சிக்கல். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று எம்ஐடியில் பணியாற்றிய ஜகதீஷ் மூடேரா, திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய கண்ணாடியின்மேல் படலங்களைப் படியவைத்தார். அலுமினியத்தை ஒளிர் மின்னிறக்கத்தில் ஆக்சைடாக்கினார். 1995இல் அவரது குழு 295 கெல்வினில் 11.8 விழுக்காட்டை அறிவித்தது. அதே ஆண்டு ஜப்பானில் மியாசாகியும் வென்றார். 2009இல் மூடேரா, மியாசாகி, மெசர்வி, டெட்ரோ நால்வரும் பக்லி பரிசு பெற்றார்கள். 2004இல் மெக்னீசியம் ஆக்சைடு புகுந்தபின் மாற்றம் 200 விழுக்காட்டை எட்டியது. ஆயினும் கதவைத் திறந்தது அந்த 11.8தான்.

இச்சந்திகள் நினைவகத்தில் நிற்கும் வரிசையை, ஆரணிப் பட்டு நெய்யும் களம்பூரில் தறியருகே நின்று பார்த்தவர் எளிதில் பிடித்துக்கொள்வார். நெடுக்கே பாவு போல் ஒரு தொகுதிக் கம்பிகள், குறுக்கே ஊடை போல் இன்னொன்று, கடக்கும் இடந்தோறும் ஒரு சந்தி. 2006இல் ஃப்ரீஸ்கேல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 4 மெகாபிட் எம்ராமில், இரு கம்பிகளின் காந்தப்புலமும் கூடும் சந்தி மட்டுமே புரளும். 1960இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கிய டிஃப்ராக் கணினியிலும் கம்பிகளில் கோத்த ஃபெர்ரைட் வளையங்களே நினைவகம். ஜக்கார்டு அட்டையில் துளை உண்டா இல்லையா என்பது ஆற்றும் பணியை இங்கே காந்தத்தின் திசை ஆற்றுகிறது.

திசை நிலைக்க வேண்டும் என்றால் காந்தத்துக்கு ஒரு விருப்பத் திசை வேண்டும். இந்தத் திசைச்சார்பின் வலிமை வெப்ப ஆற்றலைப்போல் சுமார் 40 மடங்கு இருந்தால்தான் ஒரு பிட் பத்தாண்டு தாங்கும். காந்தம் சிறுக்கச் சிறுக்க அது வற்றும். படிகங்களின் காந்தத் திசைச்சார்பைத் துல்லியமாக அளந்த முன்னோடிகளுள் ஒருவர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டார். இழையை முறுக்கிக்கொண்டே போய், காந்தப்புலத்தில் படிகம் சட்டெனத் திரும்பும் கோணத்தைக் குறித்தார். அவை வலுக்குறைந்த காந்தத்தன்மையுள்ள படிகங்கள்தாம். எளிமையில் அந்த முறைக்கு நிகரானது அரிது என்றே சொல்ல வேண்டும்.

கம்பியின் காந்தப்புலம் இல்லாமல், ஒருதிசைத் தற்சுழற்சி மிகுந்த மின்னோட்டமே காந்தத்தைத் திருப்பும் என்று 1996இல் ஸ்லோன்செவ்ஸ்கியும் பெர்ஜேயும் கணித்தார்கள். அந்த அசைவை லாண்டவ்–லிஃப்ஷிட்ஸ்–கில்பர்ட் சமன்பாடு ஆள்கிறது. இதில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணன் பங்கு பெரிது. தொடர்ச்சியான தற்சுழற்சிச் சங்கிலியை நேரிலாச் சுரோடிங்கர் சமன்பாடாக மாற்றலாம் என்று 1977இல் அவர் காட்டினார். அதனால் உருக்குலையாது நகரும் தனியலைகளை அங்கே துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. மின்னோட்டத்தால் இடைவிடாது ஆடும் நானோ அலையியற்றிகளையும் பின்னாளில் அவரது குழு ஆராய்ந்தது. தனியொன்று தரும் நுண்ணலைத் திறன் மிகக் குறைவு. பலவற்றை ஒரே தாளத்தில் ஆடவைத்தால் திறன் கூடும், அதற்குப் புறக் காந்தப்புலத்தை எப்படி மாற்றுவது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.