பதிலி

அலுவலகக் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, நமக்காகப் பக்கத்தைக் கேட்டு வாங்கித் தரும் சர்வர்தான் பிராக்சி, தமிழில் பதிலி. ‘பதிலாள் சேவையகம்’ என்று நீட்டுவோரும் உண்டு, எனக்குப் பதிலியே போதும். இதன் வேரான ‘பதில்’ அரபு ‘பதல்’ வழி வந்தது: ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று. கீழக்கரை முஸ்லிம்களிடம் அந்த அரபுச் சொல்லே புழங்குகிறது. போக இயலாதவருக்காக மற்றொருவர் நிறைவேற்றுவது ‘பதல் ஹஜ்’. ஆங்கிலப் பிராக்சியோ, பிறர் காரியத்தைப் பொறுப்பேற்று நடத்துவதைக் குறித்த லத்தீன் ‘புரோகுராத்தியோ’ தேய்ந்து வந்தது.

பில் போடும் வலைச் செயலி இழுத்தடித்தால், பதிலியை விலக்கி நேரே திறந்து பாருங்கள். வேகம் கூடினால் சந்தேகம் பதிலி மேல்: பெயர்த் தேடலில் தாமதம், கோரிக்கைதோறும் கடவுச்சொல் சோதனை, நிரம்பிய வட்டு. அடிக்கடி மாறும் இருப்புக் கணக்கைப் பதிலியின் தற்காலிகச் சேமிப்பான கேச்சில் வைக்கவும் கூடாது. பழைய எண்ணிக்கையே வரும்.