விம் தொகுப்பி: வழிநூலின் வரலாறு

பதிப்பெண்களை அடுக்குவது மட்டும் ஒரு மென்பொருளின் வரலாறாகாது என்பது எமது கருத்து. விம் என்னும் உரைத்தொகுப்பியின் முதல்நூல், 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய வி-ஐ. அதனைப் போன்றதொன்றை அமிகா கணினியில் பெற விரும்பிய பிராம் மூலெனார், ஸ்டீவி என்னும் வி-ஐ போலியின் நிரலைக் கொண்டு 1988இல் பணியைத் தொடங்கினார். 1991இல் வெளியான 1.14 தன்னை வி-ஐயின் போலி என்றே அறிவித்தது. பின்னர், 2.0 அளவில், அவ்விரிவு ‘மேம்பட்ட வி-ஐ’ ஆயிற்று. ஆங்கிலத்தில் இரு சொற்களுக்கும் முதலீரெழுத்து ஒன்றே. ஆதலின் பெயர் மாறவில்லை, உரிமைகோரலே மாறியது. எந்தப் பதிப்பெண்ணும் இதனைக் காட்டாது. வழிநூல் என்று தன்னை ஒப்புக்கொண்ட அந்தத் தொடக்கத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். 2023இல் மூலெனார் மறைந்தார். 2024 ஜனவரியில் பிறர் வெளியிட்ட 9.1 அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.